நாண் விலகிய கை

பூக்கோமிலிருந்து வருகிறவர்கள்
கையை முதலில் காட்டுவதில்லை.
ஒக்காய்ஜா எக்ஸ்-ரே படத்தைக் காட்டினான்.
"எலும்பு சுத்தம், சிஸ்டர். எழுதியே கொடுத்துவிட்டார்கள்."
வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது.

வெளியே எடு என்றேன்.

நடுவிரல் கணு மட்டும் புடைத்து,
வெந்து ஆறிய கிழங்கு போல.
ஏழு மாதம்.
வீங்கினால் ஐஸ், வடிந்தால் மணல்மூட்டை,
சனிக்கிழமை சண்டை என்றால்
துணிக்கட்டில் இன்னொரு சுற்று.
கோச் அமார்க்காய் சொன்னாராம்:
குத்துகிற கை வீங்கத்தான் செய்யும்,
வீங்காத கை கணக்குப்பிள்ளையின் கை.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான்.
அடி கொடுத்தவன்
புறங்கையைப் பார்ப்பதே இல்லை.

மடக்கு. மெதுவாக.

பாதி மடங்கும்வரை ஒன்றுமில்லை.
பிறகு தோலுக்கடியில் ஏதோ ஒன்று
மேட்டில் கால் வழுக்கி
சுண்டுவிரல் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது.
சொடுக்கென்று ஒரு சத்தம்.
அவனுக்குப் பழகியதுதான்,
இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நீட்டு.
மற்ற விரல்கள் எழுந்தன.
நடுவிரல் பாதிவழியில் நின்று தரையைப் பார்த்தது.
என் விரலால் அதைத் தூக்கி நிறுத்தினேன்.
என் விரலை எடுத்தேன்.
நின்றது.

இதுதான் இந்த நோயின் கையெழுத்து:
தானாக எழாது,
எழுப்பிவிட்டால் விழாது.
அறுந்திருந்தால் எழுப்பினாலும் விழுந்திருக்கும்.
நாண் அறவில்லை, ஒக்காய்ஜா.
கணுவின் உச்சியில் அதைப்
பிடித்து வைத்திருந்த மெல்லிய பட்டை
கட்டைவிரல் பக்கமாகக் கிழிந்திருக்கிறது.

எக்ஸ்-ரேக்கு இது தெரியாது,
அசையாமல் நிற்பதைத்தான் அது படம் பிடிக்கும்.
ஜெல் தடவி, மடக்கு, நீட்டு, மடக்கு என்று சொல்லச்சொல்ல
அல்ட்ராசவுண்டின் சாம்பல் திரையில்
நாண் அலையேறி மறுபுறம் சரிந்தது,
கரைசேர மறுக்கும் படகாக.

கோர்லே பூவில் டாக்டர் போர்ட்டே
மயக்கம் கொடுக்கவில்லை.
கை மட்டும் மரத்திருந்தது, அவன் விழித்திருந்தான்.
பட்டையைத் தைத்து, தோலை மூடுமுன்
"இப்போது மடக்கிக் காட்டு" என்றார்.
தன் கைக்குள் அவன் எட்டிப் பார்த்தான்.
வெள்ளை நாடா ஒன்று
கணுவின் முகட்டிலேயே போனது, வந்தது,
போனது, வந்தது. வழுக்கவில்லை.
"இவ்வளவு மெல்லிசா?" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
நர்ஸ் பஞ்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக்கை வெட்டி
நான் செய்து கொடுத்த தாங்கி
அசிங்கமாகத்தான் இருக்கும்.
கணு மடங்கக் கூடாது, நுனி மடங்கலாம்.
ஆறு வாரம், தூக்கத்திலும்.
ஐந்து மாதம் கழித்துத்தான் கையுறை.

"ஐந்து மாதம் கென்கேக்கு யார் காசு தருவது?"
என் தாளில் வலிக்குக் கட்டம் உண்டு,
வீக்கத்துக்கும், கோணத்துக்கும் உண்டு.
அதற்கு இல்லை.

பத்தாம் வாரம் அவன் வரவில்லை.
பதினொன்றாம் வாரமும்.
பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

கனேஷியில் மழை பிடித்த மாலை.
நெரிசலில் ஒரு ட்ரோட்ரோ வேகம் குறைத்தது.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கை,
சுட்டுவிரல் தரைநோக்கி வட்டம் போட்டது:
சர்க்கிள், சர்க்கிள், சர்க்கிள்.
வலது கை.

ஏறி உட்கார்ந்தேன். பார்க்காதவன் போல்
மற்றவர்களிடம் காசு வாங்கினான்.
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள்,
கணுவின் மேல் பழுத்த தழும்பு,
தழும்புக்கடியில் நாண்
நட்டநடுவில்.

தாங்கி இல்லை.
இடது கைக் கணுக்களில் மட்டும்
நேற்றோ இன்றோ உரிந்த தோல்.

நான் கேட்கவில்லை.
நோட்டை நீட்டினேன். அவன் இரண்டு கைகளையும்
பார்த்தான், பிறகு என்னை.

"சில்லறை இல்லை, சிஸ்டர்.
இறங்கும்போது தருகிறேன்."